யார் பார்க்கப் பறக்கின்றன சூலூர் விமானங்கள்?

வரைபடத்தை எடுத்துக் காரமடையில் விரலை வைத்து, சுற்றிலும் ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூரை ஒட்டி வெலிங்டன். முப்படை அதிகாரிகளும் நட்பு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து படிக்கும் ராணுவக் கல்லூரி, நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு குவெட்டாவிலிருந்து அங்கேதான் வந்து அமர்ந்தது. அதன் பக்கத்திலேயே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை. வயது நூறைத் தாண்டிவிட்டது. தென்கிழக்கே போனால் சூலூர் விமானப்படைத் தளம். தேஜஸ் போர் விமானத்தின் புதிய ரகத்துக்கான முதல் ஜோடி இறக்கைகளை எல் அண்ட் டி நிறுவனம் 2025 ஜூலையில் ஹெச்.ஏ.எல்.லிடம் ஒப்படைத்தது, அவை உருவானதும் கோவையில்தான்.

2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சூலூரில் ஹெலிகாப்டர் ஏறி வெலிங்டன் கல்லூரிக்கு உரையாற்றப் போனார். குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்தது. அதில் சென்ற பதினான்கு பேரில் யாரும் பிழைக்கவில்லை. மறுநாள் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக மலையிறங்கி வந்தபோது மேட்டுப்பாளையம் மக்கள் சாலையோரம் நின்று பூத்தூவி வழியனுப்பினார்கள். ராணுவம் எங்கோ காஷ்மீர எல்லையில் இருக்கும் சமாசாரம் என்ற நினைப்பு இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இருக்க முடியாது.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. பாகிஸ்தான் எல்லையும் சீன எல்லையும் இங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இத்தனை விமானமும் வெடிமருந்தும் படிப்பும் எதற்கு? சண்டை வந்தால் போடுவதற்கு என்பது பாதி பதில்தான். சண்டையே வராமல் பார்த்துக்கொள்வதற்கு என்பது மீதி. எதிரி ஒருவன் தாக்கலாமா என்று கணக்குப் போடும்போது, 'வேண்டாம், கட்டுப்படியாகாது' என்று அவனே தாளை மடித்து வைத்துவிட வேண்டும். இதைத்தான் ராணுவத் துறையில் தடுப்பாற்றல் என்கிறார்கள்.

வெள்ளியங்காடு, தாயனூர் பக்கம் காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. யானைக்காகச் சூரிய மின்வேலி போடுகிறார்கள். விட்டுவிட்டு வரும் மின்துடிப்பு, தொட்டால் சுரீரென்று அடிக்கும், உயிரை எடுக்காது. அடிபட்ட யானை அடுத்த முறை கம்பியைப் பார்த்ததுமே ஒதுங்கிப் போகும். வேலி வேலை செய்வது யானையின் நினைவில். பேட்டரி இறங்கி நாலு நாள் கம்பி சும்மா கிடந்தால் யானை அதையும் கண்டுபிடித்துவிடும். காய்ந்த மரத்தைக் கொண்டுவந்து கம்பிமேல் சாய்த்து வழி பண்ணிக்கொள்ளும் யானைகளும் உண்டு. நேரடி மின்சாரத்தைக் கம்பியில் கொடுப்பவன் செய்வது வேறு வேலை. அவன் யானையைக் கொல்கிறான். சட்டப்படி குற்றவாளியும் ஆகிறான்.

நாடுகளுக்கிடையே இந்தத் தடுப்பு இரண்டு வகையாக நடக்கிறது. ஒன்று, 'நீ வந்தாலும் உள்ளே நுழைய முடியாது' என்று காட்டுவது. மலைச்சிகரத்தில் காவல், கடலில் ரோந்து, ஏவுகணையை வானிலேயே வீழ்த்தும் கருவி எல்லாம் இதில் சேரும். மற்றது, 'நீ நுழையலாம், ஆனால் அதற்குப் பிறகு உனக்கு விழும் அடியைத் தாங்க மாட்டாய்' என்று காட்டுவது. அணு ஆயுதம் இந்த இரண்டாவது வகை.

எந்த வகையானாலும் மூன்று சரக்கு கையில் இருக்க வேண்டும். அடிக்கும் வலு, அடிப்போம் என்கிற உறுதி, அந்த இரண்டும் இருப்பது எதிரிக்குத் தெரிந்திருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி கோட்டைவிடும் இடம். அதற்கு ஒரு நல்ல சாட்சி கோயம்புத்தூரிலேயே இருக்கிறது.

ஆண்டு 1789. கோயம்புத்தூர் அப்போது திப்பு சுல்தானின் மைசூர் அரசில் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கொச்சியும் திருவிதாங்கூரும். திருவிதாங்கூரின் வடக்கு எல்லையில் கடற்கரையிலிருந்து ஆனைமலைத் தொடர்வரை சுமார் 48 கிலோமீட்டருக்கு நெடுங்கோட்டை என்ற மண்சுவர் ஓடியது. சுவருக்கு முன்னால் அகழி, மூங்கில் முள்புதர், இடையிடையே பீரங்கி மேடுகள். குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைத்தளபதியாகவே ஆன டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் வகுத்துக் கொடுத்த அரண் அது. நுழைய முடியாது என்று சொல்லும் முதல் வகைத் தடுப்பு.

இரண்டாவது வகையும் அங்கே இருந்தது. 1784-இல் திப்புவும் ஆங்கிலேயக் கம்பெனியும் செய்துகொண்ட மங்களூர் உடன்படிக்கையில் திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு நாடு என்று எழுதப்பட்டிருந்தது. திருவிதாங்கூரைத் தொட்டால் கம்பெனியைத் தொட்டதாக ஆகும் என்பது அதன் பொருள். ஒரு பெரிய அரசு தன் சிறிய கூட்டாளிமேல் குடைபிடிக்கும் ஏற்பாடு. இன்று அமெரிக்கா ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்வது இதைத்தான்.

குடை எங்கே கிழிந்தது? கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், திருவிதாங்கூர்மேல் கை வைத்தால் அதைப் போர்ப் பிரகடனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சென்னைக்கு எழுதினார். சென்னையில் கவர்னராக இருந்த ஜான் ஹாலண்ட் வேறு ஆள். திருவிதாங்கூர் ராஜா டச்சுக்காரர்களிடமிருந்து கொடுங்கல்லூர் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் விலைக்கு வாங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை, ராஜாவைக் கடிந்துகொண்டார். கல்கத்தா ஒன்று சொல்ல, சென்னை இன்னொன்று சொல்வதாகத் திப்புவின் காதுக்குப் போயிருக்க வேண்டும். ஹாலண்ட் போர் அனுபவம் உள்ளவரும் அல்ல. இதுதான் சமயம் என்று திப்பு கணக்குப் போட்டதாக வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

1789-இன் கடைசியில் கோயம்புத்தூரில் படை குவிந்தது. சுமார் 14,000 பேர் இங்கிருந்து புறப்பட்டுப் போய் டிசம்பர் 29 அன்று நெடுங்கோட்டையைத் தாக்கினார்கள். அகழிப் பக்கம் குழப்பம் ஏற்பட்டு மைசூர்ப் படை பெரும் சேதத்தோடு திரும்பியது. திப்புவின் வாளும் பல்லக்கும்கூடத் திருவிதாங்கூர் வீரர்கள் கையில் சிக்கியதாகச் சொல்வார்கள்.

அன்றைக்குச் சுவர் தன் வேலையைச் செய்துவிட்டது. தாக்குதலை முறியடித்தது. ஆனால் தாக்குதலே வராமல் தடுக்கவில்லை. அதைத் தடுத்திருக்க வேண்டியது சென்னையிலிருந்து வரவேண்டிய தெளிவான ஒரு சொல். அந்தச் சொல் தடுமாறியதற்குக் கொங்கு நாடு கொடுத்த விலையைப் பாருங்கள். மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. 1790-இல் ஆங்கிலேய ஜெனரல் மெடோஸ் கரூர், கோயம்புத்தூர், ஈரோடு, சத்தியமங்கலம், திண்டுக்கல், பாலக்காடு என்று ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்தார். செப்டம்பரில் திப்பு கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் மோதி, பவானிக் கரையெங்கும் போர்க்களமாக்கினார். அடுத்த ஆண்டு கோயம்புத்தூர்க் கோட்டையை மைசூர்ப் படை முற்றுகையிட்டு மீட்டது. இந்தக் குதிரைப் படைகளும் காளைப் பட்டாளங்களும் எந்த வயலில் மேய்ந்தன, யார் வீட்டுத் தானியத்தைத் தின்றன என்பது படைத்தளபதிகளின் குறிப்புகளில் பெரிதாக வராது. விவசாயிகள் பட்டிருப்பார்கள்.

திப்புவுக்கும் கணக்குத் தப்பியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாதி ராஜ்யம் போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். இரண்டு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கோயம்புத்தூர்க் கோட்டை இன்று கிடையாது. கோட்டைமேடு என்ற பெயரும் கோட்டை ஈசுவரன் கோயிலும் மிச்சம்.

திருக்குறளில் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. மதில் எவ்வளவு பெரிதானாலும் உள்ளே இருப்பவர்கள் செயல்திறன் இல்லாதவர்களானால் அது பயன்படாது என்கிற கருத்தில்தான் அந்த அதிகாரம் முடிகிறது. நெடுங்கோட்டைக்கு உள்ளே இருந்தவர்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. திவான் கேசவதாசின் ஆட்கள் நின்று போராடினார்கள். குறை நட்புக்குப் பொறுப்பேற்றவர்களிடம்.

இதே தவறை 1962-இல் டெல்லி வேறு விதமாகச் செய்தது. அங்கே சொல் இருந்தது, வலு இல்லை. லடாக்கிலும் வடகிழக்கிலும் சிறுசிறு சாவடிகளை முன்னே தள்ளி வைத்தால் சீனர்கள் சுட மாட்டார்கள், ஒதுங்கிவிடுவார்கள் என்று உளவுத்துறை மதிப்பிட்டது, அரசும் நம்பியது. குளிருக்குப் போதுமான உடுப்பு இல்லாத, பழைய துப்பாக்கி ஏந்திய வீரர்கள் அந்தச் சாவடிகளில் நின்றார்கள். அக்டோபர் 20 அன்று சீனா தாக்கியது. மின்சாரம் இல்லாத கம்பி என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1967 செப்டம்பரில் சிக்கிமின் நாதுலாவில் மீண்டும் உரசியபோது, மேஜர் ஜெனரல் சகத் சிங்கின் பீரங்கிகள் திருப்பிப் பேசின. அந்த ஆண்டுக்குப் பிறகு அந்த எல்லையில் சீனா பெரிய சண்டைக்கு நீண்ட காலம் வரவில்லை.

வலு, உறுதி, சொல் மூன்றையும் ஒரே ஆண்டில் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் ஆபத்தாகவும் கையாண்டவர் ஒரு தமிழர். செங்கல்பட்டில் 1928-இல் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, 1986-இல் ராணுவத் தலைமைத் தளபதியான ஜெனரல் கே. சுந்தர்ஜி.

அவர் பதவியேற்ற ஆண்டில் அருணாசலப் பிரதேசத்தின் சும்தொரோங் சூ பள்ளத்தாக்கில் சீனர்கள் வந்து முகாம் போட்டார்கள். சுந்தர்ஜி, பெரிய ஹெலிகாப்டர்களில் ஒரு படைப்பிரிவையே தூக்கிக்கொண்டுபோய் எதிரே உள்ள உயரமான முகடுகளில் இறக்கினார். 1962-இல் எந்த மலைகளிலிருந்து இந்திய வீரர்கள் கீழே ஓட நேர்ந்ததோ, அந்த வட்டாரத்திலேயே இப்போது மேலே இருந்து பார்த்தார்கள். குண்டு வெடிக்கவில்லை. இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி பெய்ஜிங் போனார். தடுப்பாற்றலைப் பாடமாக நடத்த வெலிங்டன் கல்லூரிக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

1986-87 குளிர்காலத்தில் மேற்கில் நடந்தது வேறு. ராஜஸ்தான் பாலைவனத்தில் 'பிராஸ்டாக்ஸ்' என்ற பெயரில் லட்சக்கணக்கான வீரர்கள், டாங்கிகள், கவச வண்டிகளோடு சுந்தர்ஜி மாபெரும் பயிற்சி நடத்தினார். இந்தியாவைப் பொறுத்தவரை அது பயிற்சி. பாகிஸ்தானின் கண்ணுக்கு அது பயிற்சி என்ற பெயரில் வரும் படையெடுப்பு. 1987 ஜனவரியில் பாகிஸ்தான் தன் முக்கியப் படைகளைப் பஞ்சாப் எல்லைப் பக்கம் நகர்த்தியது. இதைப் பார்த்த இந்தியா, 'இவர்கள் பஞ்சாபைத் துண்டிக்கப் போகிறார்கள்' என்று விமானத்தில் துருப்புகளைக் கொண்டுபோய் இறக்கியது. இருவரும் தற்காப்பு என்றுதான் நினைத்தார்கள். ஒருவரின் தற்காப்பு அடுத்தவருக்குத் தாக்குதலாகத் தெரிந்தது. அந்த ஜனவரியில் ஓர் எல்லைக் காவலரின் கை தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. அதே மாதத்தில்தான் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான், இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரை வீட்டுக்கு வரவழைத்து, தங்களிடம் அணுகுண்டு இருப்பதை உணர்த்தும்படி பேட்டி கொடுத்தார். அதுவும் ஒரு தடுப்புச் செய்திதான். ஆனால் பேட்டி அச்சில் வருவதற்குள் நெருக்கடி தணிந்துவிட்டது.

எப்படித் தணிந்தது? பிப்ரவரி 4 அன்று படைகளைத் திரும்பப் பெற உடன்பாடு கையெழுத்தானது. பிறகு பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக், ஜெய்ப்பூரில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் டெஸ்ட் ஆட்டத்தைப் பார்க்க விமானம் ஏறி வந்தார். ராஜீவும் அவரும் பேசிக்கொண்டார்கள்.

அணு ஆயுதத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே தயங்கிய காலத்தில், 1981-இல் மௌ நகரப் போர்க் கல்லூரியின் தலைவராக இருந்தபோதே சுந்தர்ஜி அதிகாரிகளிடம் தபாலில் கருத்துக் கேட்டுத் தொகுத்து, அணு ஆயுதம் இல்லாத நாடு இருக்கும் நாட்டை எப்படி எதிர்கொள்ளும் என்று ஒரு விவாதத்தையே நடத்தினார். அந்த விவாதத்தை நாட்டின் கொள்கையாக்கிய பங்கு இன்னொரு தமிழருடையது. திருச்சியில் 1929-இல் பிறந்த கே. சுப்ரமணியம், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர். டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இரண்டு முறை இருந்தார். 1964-இல் சீனா அணுகுண்டு வெடித்த நாளிலிருந்து அவர் சொல்லிவந்த வாதத்தின் சாரம் எளிமையானது: அணுகுண்டு சண்டை போடுவதற்கான ஆயுதம் அல்ல, அதை இன்னொருவர் நம்மேல் போடாமல் இருக்கச் செய்வதற்கு மட்டுமே. அப்படியானால் எதிரியிடம் ஆயிரம் இருந்தால் நமக்கும் ஆயிரம் வேண்டும் என்பதில்லை. அவன் முதலில் அடித்த பிறகும் மிஞ்சி நின்று, தாங்க முடியாத பதிலடி கொடுக்கும் அளவு இருந்தால் போதும்.

1998 மே மாதம் பொக்ரானில் சோதனை நடந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று, சுப்ரமணியம் தலைமையிலான ஆலோசனைக் குழு தயாரித்த அணு ஆயுதக் கொள்கை வரைவு வெளியானது. 2003 ஜனவரி 4 அன்று அரசு அதைச் சில மாற்றங்களோடு ஏற்றது. நம்பத்தகுந்த குறைந்தபட்சத் தடுப்பு, முதலில் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி, முதலில் அடிபட்டால் பெரும் பதிலடி, முடிவெடுப்பது மக்கள் தேர்ந்தெடுத்த தலைமை. 1999-இல் தமக்கு அறிவிக்கப்பட்ட பத்மபூஷணை, அரசு அதிகாரியும் பத்திரிகையாளரும் அரசு விருது வாங்கக் கூடாது என்று மறுத்தவர் அவர். இன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் அவருடைய மகன்.

'முதலில் அடிக்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டால், முதல் அடியை வாங்கிய பிறகும் பிழைத்திருக்க வேண்டும். விமானத் தளத்தையும் ஏவுதளத்தையும் எதிரி செயற்கைக்கோளில் பார்த்துக் குறிவைக்கலாம். ஆழ்கடலில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் அணுசக்தி நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே கடலுக்குள் போக வேண்டியிருந்தது. அதற்கான சிறிய அணு உலையின் மாதிரியைக் கல்பாக்கத்தில் பல ஆண்டு ரகசியமாக இயக்கிப் பார்த்தார்கள். 2009 ஆகஸ்டில்தான் வெளியே காட்டினார்கள். அதற்குச் சில நாள் முன்பு விசாகப்பட்டினத்தில் அரிஹந்த் நீர்மூழ்கி தண்ணீரில் இறங்கியிருந்தது. அதன் முதல் தடுப்பு ரோந்து முடிந்ததாகப் பிரதமர் மோடி அறிவித்தது 2018 நவம்பர் 5 அன்று. ரகசியமாகச் செய்யும் ரோந்தை ஏன் அறிவிக்க வேண்டும்? கப்பல் எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக் கூடாது. எங்கோ இருக்கிறது என்பது கட்டாயம் தெரிந்தாக வேண்டும்.

மூழ்கிக் கிடக்கும் அந்தக் கப்பலுக்கு டெல்லியிலிருந்து எப்படிச் சேதி போகும்? சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் சில பத்து மீட்டர் ஆழம்வரை ஊடுருவும். அந்த அலை கிலோமீட்டர் கணக்கில் நீளம் கொண்டது. அதை அனுப்ப வானளாவிய கம்பங்கள் வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கிய கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இதற்கானது. அங்குள்ள கம்பங்களில் உயரமானவை 470 மீட்டரைத் தொடுகின்றன. நாட்டிலேயே மிக உயரமான கட்டுமானங்களில் சேர்ந்தவை. பனைமரங்களுக்கு மேலே வானத்தில் கோடு கிழித்தாற்போல நிற்கும். அலை வேகமாகப் பேச இயலாதது. சுருக்கமான எழுத்துச் செய்திகளே போகும். ஏவச் சொல்லும் செய்தி ஒருநாளும் போக வேண்டிவராமல் இருப்பதற்காகத்தான் இரவு பகலாக ஆட்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு தடுப்பாற்றல் எல்லாவற்றையும் தடுத்துவிடுகிறதா? இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். பொக்ரானுக்கு அடுத்த ஆண்டே கார்கில் வந்தது. அணுகுண்டு இருப்பதால் இந்தியா பெரும்போருக்கு இறங்காது என்ற தைரியத்தில் பாகிஸ்தான் ராணுவம் மலைமுகடுகளைப் பிடித்தது. 527 இந்திய வீரர்கள் இறந்தார்கள். திருச்சி மேஜர் சரவணன், 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் முன்னேறிச் சென்று உயிரைக் கொடுத்தார். பெரிய போரைத் தடுக்கும் ஆயுதமே சின்னப் போருக்கு இடம் கொடுத்துவிடுகிற இந்தச் சிக்கலுக்கு உலகில் இன்னும் யாரும் முழு விடை கண்டதில்லை.

பயங்கரவாதத் தாக்குதல் இன்னும் கடினம். அடித்தவன் தன் ஆள் என்பதை அனுப்பியவன் மறுக்கிறான். 2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா பத்து மாதம் படைகளை எல்லையில் நிறுத்தியது. கண்ணிவெடி புதைப்பதிலும் விபத்துகளிலுமே பல நூறு வீரர்களை இழந்தது. 2019-இல் பாலாகோட்டில் விமானத் தாக்குதல். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதும், மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர். ஒவ்வொரு முறையும் பதிலடி முந்தையதைவிடப் பெரிதாகிறது. பயங்கரவாதத்துக்கும் விலை உண்டு என்று காட்டுவது நோக்கம். அது பலித்ததா என்று இவ்வளவு சீக்கிரம் யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறுகிறவர்கள் இறங்கும் படியையும் பார்த்து வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி.

கை தவறுவதும் உண்டு. 2022 மார்ச் 9 அன்று இந்திய விமானப்படையின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று, யாரும் ஏவச் சொல்லாமலே கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு என்ற ஊரில் போய் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பாகிஸ்தான் பொறுத்தது. இந்தியா வருத்தம் தெரிவித்தது. விசாரணைக்குப் பிறகு மூன்று அதிகாரிகள் பதவிநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் யாரோ ஒருவர், 'இது தாக்குதல்போல் தெரியவில்லை' என்று நிதானமாக யோசித்திருக்க வேண்டும். இரண்டு நாட்டு மக்களும் அந்த முகம் தெரியாத மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

மறுபடி சூலூருக்கு வருவோம். 45-வது படைப்பிரிவின் தேஜஸ் விமானங்கள் 2018-இல் இங்கே வந்தன. 2020 மே 27 அன்று 18-வது படைப்பிரிவும் இதே தளத்தில் தேஜஸோடு புத்துயிர் பெற்றது. 1971 போரில் ஸ்ரீநகர் வானில் தனியாகப் போராடி உயிர்நீத்து, விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்கரத்தைப் பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோன் இருந்த பிரிவு அது. 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' என்ற பன்னாட்டு விமானப் பயிற்சியின் முதல் கட்டம் சூலூரில் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாட்டு விமானங்கள் நம் விமானங்களோடு கோவை வானத்தில் பறந்தன. சத்தம் கேட்டு மொட்டைமாடிக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்த பிள்ளைகளுக்கு அது திருவிழா. பயிற்சியைக் கூர்ந்து கவனித்தவர்கள் வேறு தலைநகரங்களில் இருந்தார்கள். அவர்கள் பார்ப்பதற்காகவும்தான் அத்தனையும் நடந்தது.

பிராஸ்டாக்ஸுக்கும் தரங் சக்திக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இரண்டும் வலுவைக் காட்டும் காரியம்தான். பின்னது என்றைக்கு, எங்கே, யார் யார் என்று முன்கூட்டியே அறிவித்து நடந்தது. அதன் சூலூர்க் கட்டம் எல்லையிலிருந்து வெகு தூரத்தில் நடந்தது. யாரும் அதைப் படையெடுப்பு என்று தவறாக எண்ண வழியில்லை. வலுவைக் காட்டும்போது பயத்தையும் சேர்த்துக் கிளப்பாமல் இருப்பது தனித் திறமை. இந்த வலுவுக்குச் செலவும் பெரிது: 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை 6.81 லட்சம் கோடி ரூபாய். கோவை, சேலம், ஓசூர், திருச்சி, சென்னை ஐந்தையும் இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம், கோவைத் தொழில் அமைப்பான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் என்று அதில் ஒரு பங்கு இந்த வட்டார வார்ப்பட ஆலைகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் வேலையாக வரக்கூடும். வரட்டும். ஆனால் அந்தப் பணத்துக்கு நாடு எதிர்பார்க்கும் லாபம், எதுவும் நடக்காமல் போவதுதான். அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. அதனாலேயே அரசியல் மேடைகளில் அதற்குக் கைதட்டல் குறைவு, ஆவேசப் பேச்சுக்கு அதிகம்.

ஆகவே வலுவைப் பற்றிக் கேட்கும் அதே அக்கறையோடு, பேச்சுக்கான வழி திறந்திருக்கிறதா என்றும் வாசகர்கள் கேட்க வேண்டும். 2025 மே 10 அன்று பிற்பகல் 3.35 மணிக்குப் பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைவர் இந்தியத் தரப்புத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார். அன்று மாலை 5 மணியிலிருந்து சுடுவதை நிறுத்துவதாக முடிவானது. பிராஸ்டாக்ஸ் பதற்றம் அடங்கிய மறு ஆண்டு, 1988 டிசம்பர் 31 அன்று, ஒருவர் அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. அந்த நிலையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலை 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பிந்தைய புத்தாண்டிலும் அது நின்றதில்லை, பாலாகோட்டுக்குப் பிறகும் நின்றதில்லை. 2025 ஜனவரி 1 அன்று பட்டியல் கைமாறியது 34-வது முறை.